விலை கூடிய சிஸ்டத்தைக் கேட்டபின் என் ஸ்டீரியோ சப்பென்று இருக்கிறது, எதை மாற்றலாம்?

இருவழி:
என்னிடம் இருப்பது ஒரு சாதாரண ஆம்ப்ளிஃபையர், 5 அங்குல வூஃபர் (பேஸ் தரும் பெரிய கூம்பு) உள்ள ஒரு ஜோடி சின்ன ஸ்பீக்கர். நண்பர் வீட்டில் ஆளுயர ஸ்பீக்கர்கள், தனித்தனி பவர் ஆம்ப் என்று பெரிய சிஸ்டம். அங்கே எனக்கு மனப்பாடமான பாட்டுகளையே போட்டுக் கேட்டேன். பேஸ் (அடி ஒலி) தரையிலிருந்து எழும்பி வருகிறது, பாடுகிறவர் நட்டநடுவில் நிற்கிறார். வீட்டுக்கு வந்து அதே பாட்டைப் போட்டால் உயிரே இல்லை. ஆம்ப்பை மாற்று என்கிறார் ஒருவர், கேபிளை மாற்று என்கிறார் இன்னொருவர். என் அறை 4 மீட்டர் நீளம், ஸ்பீக்கர்கள் புத்தக அலமாரிக்குள் இருக்கின்றன, நான் உட்காருவது கிட்டத்தட்ட அறையின் நடுவில். எதில் காசு போட்டால் காதுக்குத் தெரியும்?

டெசிபல்:
அங்கே எவ்வளவு சத்தத்தில் கேட்டீர்கள்? அதைச் சொல்லாமல் ஒப்பிடவே முடியாது. 1 டெசிபல் கூடினால் சத்தம் கூடியதாக நமக்குத் தோன்றாது, ‘தெளிவாக இருக்கிறதே’ என்றுதான் தோன்றும். அதோடு, சத்தம் குறையக் குறைய நம் காது பேஸை இன்னும் குறைவாகக் கேட்கும். பிளெச்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். இரண்டு இடத்திலும் ஒரே பிங்க் நாய்ஸை (சோதனைக்கான ‘ஸ்ஸ்’ இரைச்சல்) ஓட்டி, உட்காரும் இடத்தில் சத்தத்தை அளக்கும் போன் ஆப்பில் ஒரே அளவு வரும்படி வைத்துவிட்டு மறுபடி கேளுங்கள். ஆம்ப் விஷயம்: 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் கிடைப்பது வெறும் 3 டெசிபல். வீட்டில் சாதாரணமாகக் கேட்கும்போது ஓடுவதே ஓரிரண்டு வாட்தான். கேபிளை விடுங்கள்.

மூலை_பேஸ்:
அலமாரிக்குள் வைத்துவிட்டு ‘நட்டநடுவில்’ குரல் கேட்கவில்லை என்றால் எப்படி சார்? வெளியே எடுத்து ஸ்டாண்டில் வையுங்கள், ட்வீட்டர் (மேல் ஒலி தரும் சின்ன பகுதி) காது உயரத்துக்கு வரட்டும், பக்கச் சுவர்கள் இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில் இருக்கட்டும். அடுத்து உங்கள் நாற்காலி. 4 மீட்டர் அறையில் ஏறக்குறைய 43 ஹெர்ட்ஸில் ஒரு நிற்கும் அலை (சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி தன்னோடு சேர்ந்து சில இடத்தில் வலுத்தும் சில இடத்தில் மங்கியும் நிற்பது) உருவாகும், அது சரியாக அறையின் நடுவில்தான் காணாமல் போகும். அந்த இடத்தில் உட்கார்ந்தால் எவ்வளவு விலை கொடுத்த ஸ்பீக்கராலும் அந்தச் சுரத்தைக் கொடுக்க முடியாது. அரை மீட்டர் பின்னால் தள்ளிப் பாருங்கள், சுவரோடு ஒட்ட வேண்டாம், அங்கே குமுறும்.

பழைய வூஃபர்:
எல்லாமே அறைதான் என்று ஒரேயடியாகச் சொல்லிவிடாதீர்கள். ஒரு ஆக்டேவ் (அதாவது பாதி ஹெர்ட்ஸ்) கீழே போய் அதே சத்தம் வேண்டுமென்றால் வூஃபரின் கூம்பு 4 மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். 5 அங்குலம் அதற்குத் திணறும், நாற்காலியை எங்கே போட்டாலும் திணறும். நண்பரின் சிஸ்டத்தில் கேட்ட ஆழம் நிஜம். ஆனால் பெட்டியின் தோற்றமும் காதை ஏமாற்றும்: டூல், ஆலிவ் என்ற ஒலி ஆய்வாளர்கள் 1994-ல் வெளியிட்ட சோதனையில், ஸ்பீக்கரைப் பார்த்தபடி கொடுத்த மதிப்பெண்ணும் திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டுக் கொடுத்த மதிப்பெண்ணும் ஒத்துப்போகவில்லை. முடிந்தால் உங்கள் ஸ்பீக்கரை அங்கே தூக்கிக்கொண்டு போய், அவருடைய ஆம்ப்பில் மாட்டிக் கேளுங்கள். எது ஸ்பீக்கர், எது அறை என்று பாதி அப்போதே பிரிந்துவிடும்.

இருவழி:
தற்காலிகமாக இரண்டு ஸ்டூலில் வைத்து நாற்காலியையும் நகர்த்தினேன். குரல் நடுவுக்கு வந்துவிட்டது! பேஸும் கொஞ்சம் தேவலை, ஆனால் அந்த அடிவயிற்று அதிர்வு இல்லை. அப்போ ஆம்ப் வேண்டாம், சப்வூஃபரா (அடி பேஸுக்கென்றே தனி ஸ்பீக்கர்)?

பழைய வூஃபர்:
ஆமாம், சப். ஆம்ப்பில் சப் அவுட் (சப்வூஃபருக்கான இணைப்பு) இல்லையென்றால் ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுக்கும் வகையாகப் பாருங்கள். கிராஸ்ஓவரை (எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே சப் வேலை செய்யும் என்ற அளவு) 80 ஹெர்ட்ஸில் ஆரம்பிக்கலாம். இடம் தேட, சப்பை உங்கள் நாற்காலி இருக்கும் இடத்தில் வைத்து ஒரு பேஸ் பாட்டை ஓட்டவிட்டு, நீங்கள் சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். பேஸ் எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கே சப்பை வையுங்கள். வீட்டில் யாராவது பார்த்தால் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும், அதற்கு நான் பொறுப்பில்லை.