எடைமேடைக் கணினியில் இணையம் வருகிறது. எண்பது மீட்டர் தள்ளியிருக்கும் அலுவலகம் வரவில்லை

கேள்வி (கருங்கல்)

வணக்கம். கருங்கல் பக்கத்தில் உள்ள ஒரு முந்திரி ஆலையில், எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் அண்டி ஆபீஸில், கணக்கு வேலையோடு கணினி வேலையையும் சேர்த்துப் பார்த்து வருகிறேன். நெட்வொர்க்கை முறையாகப் படித்தவன் அல்லன். தேவைக்காகக் கற்றுக்கொண்டது மட்டுமே.

ஆலை முழுவதும் 192.168.10 என்று தொடங்கும் முகவரிகளே உள்ளன. 2021 வரை எல்லாம் ஒரே நெட்வொர்க்காக இருந்தது. அதன்பின் ஒரு ஒப்பந்ததாரர் வந்து அதை நான்கு சப்நெட்டுகளாக, அதாவது உட்பிரிவுகளாகப் பிரித்துத் தந்தார்: முகவரியின் கடைசி எண் 0 முதல் 63 வரை அலுவலகம், 64 முதல் 127 வரை எடைமேடையும் குடோனும், 128 முதல் 191 வரை தரம் பிரிக்கும் கூடமும் பேக்கிங்கும், 192 முதல் 255 வரை கேமராக்கள். நான்கும் ஸ்விட்சில் தனித்தனி விலான்கள் (ஒரே ஸ்விட்சில் இருந்தாலும் ஒன்றோடொன்று நேராகப் பேசாத பிரிவுகள்). ஒவ்வொன்றிலிருந்தும் வெளியே போகும் வாசலான ரூட்டரின் முகவரிகள், அதாவது கேட்வே முகவரிகள், முறையே 1, 65, 129, 193. நான்காண்டுகளாக யாரும் குறை சொல்லவில்லை.

சென்ற ஐப்பசியில் ஒரு மாலை இடி விழுந்து ரூட்டர் கருகிவிட்டது. புதிய ரூட்டர் வாங்கி, பழைய தாளில் எழுதி வைத்திருந்த அதே முகவரிகளையும் அதே விலான்களையும் அதில் அமைத்தோம். அன்றிலிருந்து எடைமேடைக் கணினியால் (192.168.10.70) அலுவலகத்திலுள்ள பில்லிங் சர்வரையும் (192.168.10.10) பிரிண்டரையும் எட்ட முடியவில்லை. ஆனால் அதே கணினியில் இணையம் தடையின்றி வருகிறது. குடோனில், அதே சப்நெட்டில் இருக்கும் இரண்டு மடிக்கணினிகளும் அலுவலக சர்வரோடு எந்தச் சிக்கலும் இல்லாமல் வேலை செய்கின்றன. கேபிள், ஸ்விட்சின் போர்ட், நெட்வொர்க் கார்டு மூன்றையும் மாற்றிப் பார்த்துவிட்டேன். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து பச்சைக்கொட்டை ஏற்றி வரும் லாரிகளை எடை போட்டுவிட்டு, சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடுகிறோம். புதிய ரூட்டரில் கோளாறா?

பதில் (குளச்சல்)

இணையம் வருகிறது என்றால் கேபிளும் கேட்வேயும் நன்றாக இருக்கின்றன என்று பொருள். ஆகவே அந்தப் பக்கம் இனிமேல் பணம் செலவழிக்க வேண்டாம். புதிய ரூட்டர்கள் சிலவற்றில் ஒரு விலானிலிருந்து இன்னொரு விலானுக்குப் போவதைத் தடுக்கும் ஃபயர்வால் விதி முன்பே எழுதப்பட்டிருக்கும். அதை ஒருமுறை பாருங்கள். அப்படி ஏதும் இல்லையென்றால், நான்கு சப்நெட்டுகளையும் பழையபடி ஒன்றாக்கிவிடுவதே நல்லது. முப்பது நாற்பது கணினிகள் உள்ள ஓர் ஆலைக்கு இந்தப் பிரிவினை எதற்கு என்பது எனக்குப் புரியவில்லை.

பதில் (நாகர்கோவில்)

தம்பி, மேலே சொன்ன ஃபயர்வால் விதி இருந்தால் அது முழுச் சப்நெட்டையும் தடுத்திருக்கும். குடோன் மடிக்கணினிகளும் சேர்ந்தே நின்றிருக்கும். அவை ஓடுகின்றன, பக்கத்திலிருக்கும் ஒரே ஒரு கணினி ஓடவில்லை என்பதால் ரூட்டரை விட்டுவிட்டு அந்தக் கணினியைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒன்றாக்கிவிடுவதும் எனக்கு உடன்பாடில்லை. கேமராக்களைத் தனியே வைத்தது சரியான முடிவு.

மூன்று செய்திகள் வேண்டும். எடைமேடையிலிருந்து சர்வரைப் பிங் செய்தால் (பதில் வருகிறதா என்று சோதிக்கும் கட்டளை) என்ன வரி வருகிறது, சர்வரிலிருந்து எடைமேடையைப் பிங் செய்தால் என்ன வரி வருகிறது என்பவற்றை ஒரு சொல் விடாமல் எழுதுங்கள். "பிங் போகவில்லை" என்று மட்டும் எழுதினால் பாதிச் செய்தி போய்விடும், ஏனெனில் பிங் தோற்பதிலும் பல வகைகள் உண்டு. மூன்றாவதாக, ஐபிகான்ஃபிக் கட்டளை கொடுத்தால் வரும் சப்நெட் மாஸ்க். அதோடு, அந்தக் கணினிக்கு முகவரி தானாக வருகிறதா, கையால் எழுதப்பட்டதா என்பதையும் சொல்லுங்கள்.

கேட்டவர்

எடைமேடையிலிருந்து சர்வருக்கு: "ரிப்ளை ஃப்ரம் 192.168.10.70: டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்". சர்வரிலிருந்து எடைமேடைக்கு: "ரிக்வஸ்ட் டைம்டு அவுட்". எடைமேடைக் கணினியின் மாஸ்க் 255.255.255.0. அதன் முகவரி கையால் எழுதப்பட்டது; எடை மென்பொருள் போட்டவர் பல ஆண்டுகளுக்கு முன்பு அப்படி அமைத்தாராம். மடிக்கணினிகளுக்கு ரூட்டரிலிருந்து தானாக வருகிறது. அவற்றில் மாஸ்க் 255.255.255.192.

இந்த வேறுபாட்டைப் பார்த்ததும் எனக்கும் சந்தேகம் வந்தது. ஆனால் மாஸ்க்தான் தவறு என்றால் நான்காண்டுகள் எப்படி ஓடியது, அண்ணாச்சி? இடி விழுந்ததற்கு முந்தைய நாள் வரை சீட்டு நேராக அலுவலகத்தில் அச்சாகியிருக்கிறதே.

பதில் (நாகர்கோவில்)

தவறு மாஸ்க்தான். நான்காண்டுகள் ஓடியதற்கும் காரணம் இருக்கிறது. அதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும்.

ஒரு கணினி எதையாவது அனுப்பும் முன் தன்னிடமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறது: போக வேண்டிய முகவரி என் தெருவில் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? தெருவிலேயே இருந்தால் நேராகக் கொடுக்கும்; வெளியே என்றால் கேட்வேயிடம் கொடுக்கும். தெரு எதுவரை என்று சொல்வது மாஸ்க். உங்கள் நான்கு பிரிவுகளுக்கும் மாஸ்க்கின் கடைசி எண் 192 ஆக இருக்க வேண்டும். அப்போது 70 என்பது 64இல் தொடங்கும் பிரிவிலும், 10 என்பது 0இல் தொடங்கும் பிரிவிலும் விழும். வேறு தெரு என்று கணினிக்குத் தெரியும். உங்கள் எடைமேடையில் மாஸ்க்கின் கடைசி எண் 0 ஆக இருப்பதால், 192.168.10 என்று தொடங்கும் எல்லாமே தன் தெரு என்று அது நினைக்கிறது. அதனால் கேட்வேயை நாடாமல், "10 யார், உங்கள் மேக் முகவரி என்ன?" என்று ஏஆர்பி (ஒரு முகவரிக்கு உரிய மேக் எண்ணை, அதாவது நெட்வொர்க் கார்டின் சொந்த எண்ணை, கேட்டறியும் முறை) மூலம் தன் விலானுக்குள்ளேயே கூவுகிறது. சர்வர் வேறு விலானில் இருப்பதால் அந்தக் கூவல் அதன் காதில் விழுவதே இல்லை. பதில் வராததால் எடைமேடைக் கணினி தன் பெயரிலேயே "அன்ரீச்சபிள்" என்று அறிவித்துவிடுகிறது. அந்த வரியில் இருந்த முகவரி 70, அதாவது அதன் சொந்த முகவரி என்பதைக் கவனியுங்கள். பாக்கெட் அந்தக் கணினியை விட்டு வெளியேறவே இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. இணைய முகவரிகள் எந்த மாஸ்க்கின்படியும் வெளியில்தான் இருக்கின்றன. ஆகவே அவை ஒழுங்காகக் கேட்வேக்குப் போகின்றன.

எதிர்த்திசையில் சர்வரின் மாஸ்க் சரி. அது ரூட்டரிடம் கொடுக்கிறது, ரூட்டர் எடைமேடையிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பதில் அனுப்பும்போதுதான் எடைமேடை மறுபடியும் தெருவுக்குள் கூவி நின்றுவிடுகிறது. போனது போய்ச் சேர்ந்தது, பதில்தான் திரும்பவில்லை; அதனால் அங்கே "டைம்டு அவுட்". இரண்டு பக்கத்து வரிகளும் வேறாக இருந்தது இதனால்தான்.

இனி நான்காண்டுக் கதை. உங்கள் பழைய ரூட்டர் ப்ராக்ஸி ஏஆர்பி என்ற வேலையைச் செய்துகொண்டிருந்திருக்க வேண்டும். எடைமேடை "10 யார்?" என்று கூவியபோது, ரூட்டர் "நான்தான்" என்று தன் மேக் முகவரியைக் கொடுத்து, வாங்கிய பாக்கெட்டை உரிய விலானுக்குக் கடத்தியிருக்கும். இது ஏமாற்று வேலையல்ல. ஏஆர்பி வரையறுக்கப்பட்டது 1982இல். சப்நெட் முறை 1985இல் ஆர்எஃப்சி 950 என்ற இணைய விதிமுறை ஆவணமாக வந்தது. சப்நெட் என்றால் என்னவென்றே தெரியாத பழைய கணினிகள் அப்போது நிறைய இருந்ததால், அவற்றுக்காகவே 1987இல் ஆர்எஃப்சி 1027இல் இந்த உதவி எழுதப்பட்டது. சிஸ்கோ ரூட்டர்களில் இது வழக்கமாகவே இயங்கிக்கொண்டிருக்கும். மைக்ரோடிக் ரூட்டர்களில் நாமே இயக்கினால்தான் இயங்கும். ஆகவே கோளாறு பிறந்தது இடி விழுந்த அன்று அல்ல, 2021இல். தானாக முகவரி பெறும் கணினிகளுக்குப் புதிய மாஸ்க் போய்ச் சேர்ந்தது. கையால் எழுதியவற்றை ஒப்பந்ததாரர் தேடிப் போகவில்லை. பழைய ரூட்டர் அதை மூடி வைத்திருந்தது, அவ்வளவுதான்.

எடைமேடையில் மாஸ்க்கை 255.255.255.192 என்று மாற்றுங்கள். கேட்வே 192.168.10.65 என்றே இருக்கட்டும். லாரி வாசலில் நிற்கிறது, இப்போது கணினியைத் தொட முடியாது என்றால், புதிய ரூட்டரில் ப்ராக்ஸி ஏஆர்பியை அன்றிரவுக்கு மட்டும் இயக்கிக்கொள்ளலாம், காலையில் அணைத்துவிடுங்கள். பிறகு, கையால் முகவரி எழுதிய கருவிகள் எத்தனை என்று ஆலையைச் சுற்றி வந்து ஒரு பட்டியல் எடுங்கள். இந்த ஒன்றோடு நிற்காது.

கேட்டவர்

மாஸ்க்கை மாற்றிய அடுத்த நொடியே சீட்டு அலுவலகத்தில் அச்சானது. எடை மென்பொருள்காரர் முன்பு எதற்கோ எடுத்து அனுப்பிய ஏஆர்பி பட்டியலின் படம் ஒன்றும் பழைய மின்னஞ்சலில் கிடைத்தது. அதில் 10, 12, 65 என்ற மூன்று முகவரிகளுக்கும் ஒரே மேக் முகவரி இருக்கிறது. அண்ணாச்சி சொன்ன ப்ராக்ஸி இதுதான் என்று இப்போது விளங்குகிறது.

ஆனால் இரண்டு புதிய சிக்கல்கள். முதலாவது, அலுவலகக் கணக்கர் எடைமேடைக் கணினியில் பகிர்ந்து வைத்த கோப்புறையைத் திறந்து அன்றைய எடைகளைப் பார்ப்பது வழக்கம். பழைய ரூட்டர் காலத்தில் அது திறந்துகொண்டிருந்தது. இப்போது எடைமேடையிலிருந்து அலுவலகம் வருகிறது, அலுவலகத்திலிருந்து எடைமேடைக் கோப்புறை திறக்கவில்லை, பிங்கும் இல்லை. இரண்டாவது, குடோன் வாசலில் உள்ள விரல்ரேகை வருகைப் பதிவுக் கருவியிலும் மாஸ்க் 255.255.255.0 என்றே இருந்தது. அதைத் திருத்தப் போனால், செல்லாத முகவரி என்று சொல்லிச் சேமிக்க மறுக்கிறது. அதன் முகவரி 192.168.10.127. உண்மையைச் சொன்னால் அந்தக் கருவியிலிருந்து நெட்வொர்க் வழியாக விவரம் வருவதே இல்லை. கருவி பழுது என்று நம்பி, மாதந்தோறும் பென் டிரைவில்தான் எடுத்து வருகிறோம்.

பதில் (தக்கலை)

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன், அது எளிது. 64 முதல் 127 வரையிலான பிரிவில் 64 என்பது அந்தச் சப்நெட்டையே குறிக்கும் எண். 127 என்பது எல்லோரையும் ஒரே நேரத்தில் அழைக்கும் பிராட்காஸ்ட் எண். இரண்டையும் எந்தக் கருவிக்கும் கொடுக்கக்கூடாது. அதனால்தான் 64 எண்கள் இருந்தும் 62 கருவிகளுக்குத்தான் இடம். ஒரே நெட்வொர்க்காக இருந்த காலத்தில் 127 சாதாரண எண். பிரித்த அன்று அது தகுதி இழந்துவிட்டது. பழைய ரூட்டர் எவ்வளவு உதவியிருந்தாலும், 127க்குத் திரும்பி வரும் பதிலைப் பொது அழைப்பு என்று கருதிக் கீழே போட்டிருக்கும். உங்கள் கருவி பழுதே அல்ல. தானாக முகவரி வழங்கும் வரம்புக்கு வெளியே உள்ள வேறோர் எண்ணைக் கொடுங்கள், அலுவலக மென்பொருளிலும் அதை மாற்றிவிடுங்கள்.

கோப்புறைச் சிக்கல் விண்டோஸ் ஃபயர்வாலைச் சேர்ந்தது. கோப்புப் பகிர்வுக்கும் பிங்குக்கும் உள்ள விதிகள், பிரைவேட் நெட்வொர்க்கில், "லோக்கல் சப்நெட்" முகவரிகளை மட்டுமே உள்ளே விடும்படி அமைந்திருக்கும். மாஸ்க் தவறாக இருந்தபோது அலுவலகமும் தன் தெரு என்று எடைமேடை நினைத்ததால், ஃபயர்வாலும் அதை உள்ளே விட்டது. இப்போது மாஸ்க் சரியானதும் அலுவலகம் வெளியூராகிவிட்டது. ஃபயர்வாலை முழுதாக அணைத்துவிடாதீர்கள். பலர் அதைத்தான் செய்கிறார்கள். அந்த விதிகளைத் திறந்து, ஸ்கோப் என்ற பகுதியில் ரிமோட் முகவரிகளோடு 192.168.10.0/26 (0 முதல் 63 வரையிலான அலுவலகச் சப்நெட்) என்பதைச் சேருங்கள். கணக்கர் கணினியின் பெயரைச் சொல்லிக் கோப்புறையைத் திறப்பவராக இருந்தால், இனி முகவரியைச் சொல்லித் திறக்கச் சொல்லுங்கள். பெயரைத் தேடும் பொது அழைப்பு ரூட்டரைத் தாண்டிப் போகாது.

கேட்காத ஒன்று: கட்டடங்களுக்கு இடையே நீங்கள் இழுத்திருப்பது செம்புக் கேபிள் என்றால், அடுத்த இடிக்கும் அதுவே வழி. எண்பது மீட்டர் என்கிறீர்கள். நூறு மீட்டர் வரம்புக்குள் இருப்பதால் அது ஓடுகிறது, ஆனால் மின்னல் பாய்ந்தால் இரு முனைகளிலும் உள்ள கருவிகள் சேர்ந்து போகும். அந்த ஒரு இணைப்பையாவது ஃபைபராக மாற்றச் சொல்லி முதலாளியிடம் பேசுங்கள். எங்கள் கடைக்கு ஐப்பசி மாதத்தில் வரும் கருகிய ஸ்விட்சுகளைப் பார்த்தால் அவரே ஒத்துக்கொள்வார்.

கேட்டவர்

வருகைக் கருவிக்கு 100 என்ற எண் கொடுத்தேன். சேமித்தது, ஐந்து நிமிடத்தில் மாத விவரம் முழுதும் அலுவலகக் கணினிக்கு வந்துவிட்டது. கணக்கர் நம்பாமல் பென் டிரைவிலும் ஒருமுறை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். ஸ்கோப்பில் அலுவலகச் சப்நெட்டைச் சேர்த்ததும் கோப்புறையும் திறந்தது.

அண்ணாச்சி சொன்னபடி ஆலையைச் சுற்றி வந்ததில் கையால் எழுதிய முகவரிகள் இன்னும் ஐந்து கிடைத்தன. ஐந்திலும் பழைய மாஸ்க். நான்கைத் திருத்திவிட்டேன். ஐந்தாவது பேக்கிங் கூடத்து லேபிள் பிரிண்டர், முகவரி 150. அதற்கு அச்சிட அனுப்பும் கணினியும் அதே கூடத்தில், அதே சப்நெட்டில் இருப்பதால் இதுவரை ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதன் மெனு முழுவதும் சீன எழுத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூடம் மூடியிருக்கும்போது கைப்பேசியில் மொழிபெயர்ப்புச் செயலியை வைத்துக்கொண்டு உட்காரலாம் என்றிருக்கிறேன். ஃபைபருக்கு முதலாளி விலை கேட்கச் சொல்லியிருக்கிறார்.