புதுப்பிப்பு: வெள்ளவத்தைத் தம்பியும் கணிதமும்

போன மாதம் எழுதியிருந்தேனே, தரம் 11 படிக்கும் தம்பி ஒருவன் கணித வகுப்பில் கொப்பியைத் திறக்கவே மாட்டேன் என்கிறான் என்று. என்ன நடந்தது என்று பலர் கேட்டீர்கள்.

கிரிக்கெட்டை வைத்துச் சொல்லிக்கொடுங்கள் என்றவர்களுக்கு: செய்தேன். முரளி 133 டெஸ்டில் 800 விக்கெட், சராசரியாக ஒரு டெஸ்டுக்கு எத்தனை என்று கேட்டேன். முக்கால் மணி நேரம் முரளியைப் பற்றிப் பேசினான். வகுக்கவில்லை.

பலித்தது வேறொன்று. ஒரு நாள் களைப்பில் நானே 2/3 + 1/4 = 3/7 என்று எழுதிவிட்டேன். (வேண்டுமென்று செய்ததாக அவனுடைய அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், காட்டிக் கொடுக்காதீர்கள்.) தலையை நிமிர்த்தி, "அக்கா, இது பிழை" என்றான். சிவப்புப் பேனையை அவனிடமே கொடுத்தேன். 8/12, 3/12 என்று பகுதியெண்ணைச் சமமாக்கி, 11/12 என்று எழுதி, எனக்குப் பெரிய சைபர் போட்டான்.

அதிலிருந்து ஒவ்வொரு வகுப்பும் என் பிழைகளோடுதான் தொடங்குகிறது. ஐந்து கணக்கில் இரண்டு பிழை, எவை என்று சொல்ல மாட்டேன். கண்டுபிடிக்க அவன் ஐந்தையும் செய்துதான் ஆகவேண்டும். அப்போதுதான் தெரிந்தது, இவனுக்குச் சோம்பல் இல்லை; பின்னத்திலும் சய எண்களிலும் கீழ் வகுப்பிலேயே தடக்கி விழுந்திருக்கிறான், பிழைவிடப் பயம்.

சாதாரண தரப் பரீட்சையில் எஸ் சித்திக்கு, அதாவது ஆகக் குறைந்த சித்திக்கு, 35 புள்ளி வேண்டும். போன கிழமை வீட்டில் வைத்த பழைய வினாத்தாளில் 41 எடுத்தான். கேத்திரகணிதம் இன்னும் தொடவில்லை. அதற்கு யாரிடமாவது யோசனை இருந்தால் சொல்லுங்கள், கிரிக்கெட் மட்டும் வேண்டாம்.