அமெரிக்க அரசு ஷட்டவுனில் சம்பளம் நின்றபோது உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

காவேரிக்கரை, சில்வர் ஸ்பிரிங், மேரிலாந்து

என் கணவர் பெடரல் ஊழியர், அதாவது அமெரிக்க மத்திய அரசு ஊழியர். நான் வேறொரு பெடரல் அலுவலகத்தில் கான்ட்ராக்டர், அதாவது அங்கே வேலை பார்க்கும் தனியார் கம்பெனி ஊழியர். 2025 அக்டோபர் 1 அன்று இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வேலை நின்றது. 43 நாள் கழித்து ஷட்டவுன் முடிந்ததும் அவருக்கு நின்றுபோன சம்பளம் முழுதும் வந்து சேர்ந்தது. எனக்கு வரவில்லை, இனி வரப்போவதும் இல்லை. ஊரில் இருக்கும் அம்மாவுக்கு இதைப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. "கவர்மென்ட் உத்தியோகத்துல சம்பளம் நிக்குமா?" என்றே திரும்பத் திரும்பக் கேட்டார். நிற்கும் அம்மா. செப்டம்பர் 30 இரவுக்குள் அடுத்த நிதியாண்டுக்கான செலவு மசோதாக்களை இங்குள்ள நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்றாவிட்டால், கஜானாவிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுக்க அதிகாரிகளுக்குச் சட்டப்படி வழியே கிடையாது. அதுதான் ஷட்டவுன்.

என் கணவருக்கு ஃபர்லோ கடிதம், அதாவது சம்பளமில்லாமல் வீட்டில் இருக்கச் சொல்லும் கடிதம், வந்தது. அன்று காலை ஆபீஸ் போய், நாலு மணி நேரத்துக்குள் வேலையை ஒழுங்குபடுத்தி மூடிவிட்டு வந்தார். அதன் பிறகு ஆபீஸ் லேப்டாப்பில் வேலை எதுவும் செய்யக் கூடாது. இங்கே சம்பளம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அக்டோபரின் முதல் சம்பளத்தில் பத்து வேலை நாளில் ஏழு நாளுக்கு மட்டும், அதாவது செப்டம்பர் 30 வரைக்கும், பணம் வந்தது. அடுத்த இரண்டு முறையும் சம்பளச் சீட்டு வந்தது, கைக்கு வரும் தொகை என்ற கட்டத்தில் பூஜ்யம். வீட்டுக்கடன் கொடுத்த மார்ட்கேஜ் கம்பெனிக்கு அனுப்புவதற்காக, குறைந்து வந்த அந்த முதல் சம்பளத்தின் சீட்டைப் பிரிண்ட் எடுத்து மேஜைமேல் வைத்திருந்தார். எங்கள் ஏழு வயதுப் பெண் அந்தத் தாளின் பின்பக்கம் தீபாவளிக்குக் கோலம் வரைந்து கலர் அடித்துவிட்டாள். அக்டோபர் 20 தீபாவளி. அவளுக்கும் தம்பிக்கும் மட்டும் துணி எடுத்தோம். அந்தத் தாளை அவர் திட்டாமல் இன்னொரு பிரிண்ட் எடுத்தார்.

என் கதை வேறு. வேலை பார்த்த மணிக்கு மட்டும் கம்பெனி அரசுக்குப் பில் போடும் கான்ட்ராக்ட் எங்களுடையது. ஸ்டாப் ஒர்க் ஆர்டர் வந்ததும் கம்பெனி சொன்னது: முதலில் உங்கள் விடுமுறை நாட்களை எடுங்கள், அது தீர்ந்தால் சம்பளமில்லா விடுப்பு. டிசம்பரில் தங்கை மகள் கல்யாணத்துக்குக் கோயம்புத்தூர் போக 11 நாள் சேர்த்து வைத்திருந்தேன். அக்டோபர் பாதியிலேயே அது தீர்ந்தது. ஷட்டவுன் நவம்பர் 12 இரவு முடிந்து மறுநாள் காலை அவர் வேலைக்குப் போய்விட்டார். என் கான்ட்ராக்டைத் திறக்கும் ஆர்டர் 17ஆம் தேதிதான் வந்தது. ஆக 20 வேலை நாள் சம்பளம் போனது போனதுதான்.

கடன் விஷயத்திலும் இதே வித்தியாசம். எங்கள் கிரெடிட் யூனியன் (கூட்டுறவு வங்கி மாதிரி), பெடரல் சம்பளம் அங்கே வரவாகிறவர்களுக்கு ஒரு சம்பள அளவுக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. அவருக்குப் பத்து நிமிடத்தில் கிடைத்தது. நான் கேட்டபோது அந்தப் பெண் ரொம்ப மரியாதையாக, "நீங்கள் தனியார் கம்பெனி ஊழியர்" என்றார். உண்மைதான். ஆனால் நான் போகும் கட்டடத்தின் வாசலில் பறப்பது அரசுக் கொடி.

உங்கள் வீட்டில் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். இதை நாம் நமக்குள்கூடப் பேசிக்கொள்வதில்லை.

பனைமரம், மேரிலாந்து

அக்கா, நான் விமான நிலையத்தில பாதுகாப்புச் சோதனை வேலை. எங்களை 'எக்ஸெப்டட்' எண்டு வச்சிருக்கினம். அதாவது சம்பளம் இல்லாட்டியும் வேலைக்கு வரவேணும். எனக்கு இது ரெண்டாம் தரம்.

முதல் தரம் 2018 டிசம்பர் 22 தொடங்கி 35 நாள். நான் அப்ப வேலைக்குப் புதுசு, கையில சேமிப்பு எண்டு ஒண்டும் இல்லை. 2019 தை (ஜனவரி) 11ஆம் திகதி வரவேண்டிய சம்பளம் வரேல்லை. வீட்டில இருக்கச் சொன்ன ஆக்கள் மாநிலம் குடுக்கிற வேலையில்லாக் காசுக்கு விண்ணப்பிக்கலாம். எங்களுக்கு அதுவும் இல்லை, நாங்கள் முழுநேரம் வேலை செய்யிறம் எல்லோ. வேலைக்குப் போனாப் பெற்றோல் வேணும், பிள்ளையைப் பாக்கிற இடத்துக்குக் கிழமைக்குக் கிழமை காசு கட்டவேணும். வீட்டில இருந்திருந்தா அந்தச் செலவாவது மிஞ்சியிருக்கும்.

அப்ப வாஷிங்டனில பென்சில்வேனியா அவெனியூவில ஹோசே அந்த்ரேஸ் எண்ட சமையல்காரரின்ர அமைப்பு ஒரு சமையற்கூடம் திறந்து பெடரல் ஆக்களுக்கு இலவசமாச் சாப்பாடு குடுத்தது. ஒருநாள் வேலை முடிய அங்க போனனான். யூனிஃபோம் தெரியாமல் மேலால ஜாக்கெட்டைக் கழுத்துவரைக்கும் பூட்டிக்கொண்டு வரிசையில நிண்டன். எனக்கு முன்னால நிண்ட வயசான மனிசர் கோட்டும் டையும் கட்டியிருந்தவர். என்னைத் திரும்பிப் பாத்து, தன்ர இடத்தை விட்டு எனக்குப் பின்னால வந்து நிண்டார். ஏன் எண்டு நான் கேக்கேல்லை. அகதியா இடம்பெயர்ந்த காலத்தில வரிசையில நிண்டு சாப்பாடு வாங்கின ஆள் நான். அந்தப் பழக்கம் இருந்தும் அண்டைக்குக் கை நடுங்கினது.

2025இல கொஞ்சம் சேமிப்பு இருந்தது. மேரிலாந்து மாநிலம் எங்களைப்போல சம்பளமில்லாமல் வேலை செய்யிற ஆக்களுக்கு 700 டொலர் வட்டியில்லாமல் கடன் தந்தது, அது வாடகைக்குப் போச்சு. பிறகு முழுச் சம்பளமும் வந்தது எண்டது சரி. ஆனால் கார்க்கடன் பிந்தினதுக்குப் போட்ட தண்டக்காசை ஒருத்தரும் திருப்பித் தரேல்லை.

வைகை, ஃபேர்ஃபாக்ஸ், வர்ஜீனியா

நான் 14 பேரை வைத்துச் சின்ன ஐடி கம்பெனி நடத்துகிறேன். முழுக்க அரசு சப்-கான்ட்ராக்ட். முதலாளி பக்கக் கஷ்டத்தைச் சொன்னால் ஊழியர்களுக்குக் கோபம் வரலாம், இருந்தாலும் சொல்கிறேன்.

எங்களுக்கு அடி விழுந்தது அக்டோபர் வேலைக்காக மட்டும் இல்லை. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் முடித்துக்கொடுத்த வேலைக்கான பில்கள் நிலுவையில் இருந்தன. அவற்றுக்கு ஒதுக்கிய பணம் இருந்தது. ஆனால் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டிய அதிகாரி ஃபர்லோவில் வீட்டில் இருந்தார். எங்களுக்கு மேலே, அரசோடு நேரடியாகக் கான்ட்ராக்ட் வைத்திருக்கும் பிரைம் கம்பெனி, "எங்களுக்கு வந்தால் உங்களுக்கு" என்றது. ஆக வேலை செய்து முடித்த இரண்டு மாதத்துக்கும் காசில்லை, செய்யாத மாதத்துக்கும் காசில்லை.

வங்கியில் இருந்த லைன் ஆஃப் கிரெடிட்டை எடுத்து முதல் மூன்று வாரம் எல்லோருக்கும் பாதிச் சம்பளம் கொடுத்தேன். நாலாவது வாரம் முடியவில்லை. மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பிரீமியத்தை மட்டும் நிறுத்தவில்லை. ஊழியர் ஒருவரின் மனைவிக்கு டெலிவரி தேதி நவம்பர் முதல் வாரம். அதை நிறுத்தியிருந்தால் அந்தக் குடும்பம் எங்கே போகும்? பில் பணம் டிசம்பரில் வந்தது. இடையில் நான் கட்டிய வட்டியை எந்தக் கான்ட்ராக்டிலும் எழுதிக் கேட்க இடமில்லை. இரண்டு பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

மழைக்காலம், நியூ ஜெர்சி

நான் பெடரலும் இல்ல, கான்ட்ராக்டரும் இல்ல. ஆனா என்னையும் இது அடிச்சுது, அதான் எழுதறேன்.

செப்டம்பர் 19ல லே-ஆஃப். எச்-1பி விசா, அதனால 60 நாள் டைம். அதுக்குள்ள புதுக் கம்பெனி மனு போட்டே ஆகணும், இல்லன்னா கிளம்பணும். மாசக் கடைசில ஆஃபர் வந்துருச்சு, வீட்ல பாயசம் வச்சாங்க. மறுவாரம் வக்கீல் போன் பண்ணி, எல்சிஏ போட முடியல, தொழிலாளர் துறையோட சைட்டே மூடிட்டாங்கன்னார். எல்சிஏன்னா விசா மனுவுக்கு முன்னாடி அந்தத் துறைகிட்ட கம்பெனி வாங்க வேண்டிய அனுமதி. விசா மனுவ வாங்கற ஆபீஸ் கட்டணத்துல ஓடறதால திறந்துதான் இருந்துச்சு. ஆனா எல்சிஏ இல்லாம அங்க மனு போக முடியாது. ஒரு கதவு திறந்திருக்கு, அதுக்கு முன்னாடி இருக்கற கதவு பூட்டியிருக்கு.

சம்பளம் இல்லாம வாடகை, கார் லோன், ஊருக்கு அனுப்பற பணம். அப்பாகிட்ட இந்த மாசம் கொஞ்சம் லேட்டாகும்பானு மட்டும் சொன்னேன். ஷட்டவுன் முடியறதுக்கு முன்னாடியே, அக்டோபர் 31ல அந்த சைட்ட மட்டும் திறந்தாங்க. அன்னிக்கே போட்டாச்சு. அனுமதி வந்தது நவம்பர் 12. மனு போனது 14. என் 60வது நாள் 18ஆம் தேதி. சூட்கேஸ் ரெண்டு ஹால்லயே திறந்து கெடந்துச்சு. மனு போய்ச் சேந்த ரசீது வந்தப்பறந்தான் என் வொய்ஃப் அத மூடி மேல ஏத்தினா.

காவேரிக்கரை

படித்தேன். பனைமரம் தம்பி, அந்தப் பெரியவரை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

வேலையில்லாக் காசைப் பற்றி இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். நாங்கள் இருவருமே விண்ணப்பித்தோம். மேரிலாந்தில் அதிகபட்சம் வாரத்துக்கு 430 டாலர். விடுமுறை நாளுக்குச் சம்பளம் வாங்கிய வாரங்களுக்கு எனக்குக் கிடைக்கவில்லை, அதன் பிறகு கிடைத்தது. என் கணவர் வாங்கியதைப் பின்சம்பளம் வந்ததும் திருப்பிக் கட்டவேண்டியிருந்தது, ஆகவே அதைச் செலவழிக்காமல் தனியாக வைத்திருங்கள். மெடிக்கல் இன்ஷூரன்ஸ் அவருக்கு நிற்கவில்லை. ஆனால் பிடிக்காமல் விட்ட பிரீமியம் எல்லாம் சேர்த்துப் பின்சம்பளத்தில் பிடித்தார்கள். மார்ட்கேஜுக்குத் தவணைத் தேதி வரும்முன் போன் பண்ணிவிடுங்கள். தேதி தாண்டிப் பேசினால் அவர்கள் குரலே வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

பெடரல் ஊழியர்களுக்கு இனி எந்த ஷட்டவுனிலும் பின்சம்பளம் உண்டு என்று 2019 ஜனவரியில் சட்டமே போட்டார்கள். அப்படி இருந்தும் 2025 அக்டோபரில், வீட்டில் இருந்தவர்களுக்கு அது தானாக வராது என்று வெள்ளை மாளிகைத் தரப்பிலிருந்து பேச்சு வந்தது. அந்த வாரம் என் கணவர் சரியாகத் தூங்கவில்லை. நவம்பர் 12 மசோதாவில் பின்சம்பளம் உண்டு என்று மறுபடி எழுதிய பிறகுதான் மூச்சு வந்தது. கான்ட்ராக்டர்களுக்கு, அதுவும் குறைந்த சம்பளக்காரர்களுக்கு, அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று செனட்டர் டீனா ஸ்மித் 2019இலேயே மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. இதில் எனக்கு வரும் கோபத்தை மறைக்க விரும்பவில்லை.

அந்தக் கோபம் எனக்காக இல்லை. எங்கள் மாடியைத் துப்புரவு செய்யும் அம்மா ஒருவர் இருந்தார், எல் சால்வடோர்காரர். அவரும் கான்ட்ராக்டர்தான், மணிக்கூலி. என் மேஜைமேல் இருக்கும் பிள்ளையாரைத் துடைக்கும்போது மட்டும் இரண்டு கையாலும் எடுத்து வைப்பார். செப்டம்பர் 30 சாயங்காலம் போகும்போது, "வாரக் கடைசியில் திறந்துவிடுவார்கள்" என்று எனக்குத் தைரியம் சொன்னது அவர்தான். அவருக்குச் சேர்த்து வைத்த விடுமுறையும் கிடையாது, வட்டியில்லாக் கடனும் கிடையாது.

நவம்பர் 17 காலை போனபோது லிஃப்ட் பக்கத்தில் அதே மஞ்சள் வண்டி நின்றது. தள்ளிக்கொண்டு வந்தது வேறொரு சின்னப் பெண். அவரைப் பற்றிக் கேட்டேன், தனக்குத் தெரியாது என்றாள். சூப்பர்வைசரிடம் கேட்டேன். மூன்றாவது வாரமே ஒரு ஓட்டலில் வேலை கிடைத்துப் போய்விட்டாராம், எந்த ஓட்டல் என்று சொல்லவில்லை. மேஜைமேல் பிள்ளையார் ஆறு வாரத் தூசியோடு இருந்தார். நானே துடைத்து வைத்தேன்.