தார்ச் சாலையில் பிளாஸ்டிக் கழிவு: எந்தக் கட்டத்தில், எந்த வகை?

கேள்வி:
வணக்கம். பிளாஸ்டிக் கழிவைக் கொண்டு சாலை போடும் முறையைப் பற்றிப் படித்துவருகிறேன். பைகளை உருக்கித் தாரில் கலப்பதாகவே பலரும் எழுதுகிறார்கள். அவ்வாறு கலந்தவை நாளடைவில் பிரிந்துவிடாதா, சூடாக்கும்போது நச்சுப்புகை எழாதா என்ற ஐயங்கள் எனக்குத் தீரவில்லை. அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
உங்கள் முதல் ஐயம் நியாயமானது. தாரிலேயே பிளாஸ்டிக்கைக் கலக்கும் ஈரமுறையில், இடைவிடாமல் கிளறாவிட்டால் அது பிரிந்து மேலே மிதக்கும். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் உருவாக்கிய உலர்முறையிலோ பிளாஸ்டிக் முதலில் சேர்வது ஜல்லியோடுதான். ஏறத்தாழ 160 முதல் 170 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய ஜல்லியின்மீது, சில மில்லிமீட்டர் அளவுக்கு நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால், அரை நிமிடத்திற்குள் அது இளகிக் கல்லைச் சுற்றி மெல்லிய பூச்சாகப் படிகிறது. மங்கிய சாம்பல் நிறக் கல் எண்ணெய் தடவியதுபோல் பளபளப்பதைக் கண்ணாலேயே காணலாம். அதன் பின்னரே சூடான தார் சேர்க்கப்படுகிறது. கல்லுக்கும் தாருக்கும் இடையே நீர் புகுந்து பிடிப்பைத் தளர்த்துவதே குழிகள் விழுவதற்கு ஒரு பெரிய காரணம் என்பதால், கல்லின் நுண்துளைகளை அடைக்கும் இந்தப் பூச்சுதான் முறையின் உயிர்நாடி என்பேன்.

பதில் 2:
புகையைப் பற்றி: பைகளிலும் உறைகளிலும் உள்ள பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன் ஆகிய பிளாஸ்டிக் வகைகள் அந்த வெப்பத்தில் இளகுமே தவிர எரிவதில்லை. குழாய்கள் செய்யப் பயன்படும் பி.வி.சி. அப்படியன்று, சூடேறினால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற நச்சு வாயுவை வெளிவிடும், ஆகவே அதை அறவே சேர்க்கக்கூடாது. சாலைப் பணிகளுக்குத் தரநிலை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் தாரின் எடையில் 6 முதல் 8 விழுக்காடு பிளாஸ்டிக்கை அனுமதித்து, பி.வி.சி.யை விலக்கியிருக்கிறது. எனவே உண்மையான வேலை, கழிவைத் தரம் பிரித்து, மண் போகக் கழுவி, ஈரமின்றி உலர்த்துவதில்தான் இருக்கிறது. நான் பணிபுரிந்த ஒரு கலவை ஆலைக்கு வந்த மூட்டைகளில் ஈரமண் அப்பிய பைகளோடு பி.வி.சி. குழாய்த் துண்டுகளும் கிடந்தன. அன்றைக்கு அந்தச் சரக்கு முழுவதையும் திருப்பி அனுப்பினோம். அதைச் செய்யத் துணியாத இடத்தில் இம்முறையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. சக்கரங்கள் உராய்ந்து மேற்பரப்பு தேயும்போது நுண்நெகிழி, அதாவது மிகச் சிறிய பிளாஸ்டிக் துகள்கள், வெளியேறாதா?

பதில் 1:
அந்தக் கவலை எனக்கும் உண்டு. பூச்சு தாருக்கு அடியில் இருப்பினும், தார் தேய்ந்து கல் வெளிப்படும்போது பூச்சும் தேயத்தான் செய்யும். சக்கரம் நேரடியாகப் படாத கீழடுக்கில் மட்டும் இந்த ஜல்லியைப் பயன்படுத்தினால், மேலடுக்கு உரிய காலத்தில் புதுப்பிக்கப்படும் வரை உராய்வு அதை எட்டாது. என்னைக் கேட்டால், நீர்நிலைகளை ஒட்டிய சாலைகளிலாவது அவ்வாறுதான் செய்ய வேண்டும்.