இடக்கைக்காரனுக்கு எது சரி: சி.இசட். 82-ஆ, மக்காரோவா?

டோங்காட் வாத்தியார்:

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாளும் கிளப் துப்பாக்கியில்தான் சுட்டுப் பழகினேன். இப்போது தகுதிச் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று தென்னாப்பிரிக்கத் துப்பாக்கிச் சட்டத்தின் செக்‌ஷன் 15-இல், அதாவது எப்போதாவது வேட்டைக்கும் விளையாட்டாகச் சுடவும் தரும் லைசென்ஸுக்கு, விண்ணப்பிக்கப் போகிறேன். போட்டிக்கோ தற்காப்புக்கோ இல்லை, சனிக்கிழமை காலையில் ரேஞ்சில் காகிதக் குறி சுடுவதற்கு மட்டும்தான். தூரமும் 10 மீட்டர், 15 மீட்டர், அவ்வளவே.

டர்பனில் ஒரு டீலரிடம் இரண்டு பழைய ஐரோப்பிய பிஸ்டல்கள் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று செக்கோஸ்லோவாக்கிய ராணுவத்தின் சி.இசட். 82, மற்றது கிழக்கு ஜெர்மனியில் செய்த மக்காரோவ். இரண்டுக்கும் ஒரே தோட்டா, 9×18 (9 மில்லி ரகக் குண்டு, கூட்டின் நீளம் 18 மில்லி). விலையிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. மக்காரோவைப் பார்த்ததும் மனசு அங்கேயே நின்றுவிட்டது. நீல மெருகு கொஞ்சம்கூடக் குலையவில்லை. சி.இசட்டில் கறுப்புப் பெயின்ட் பல இடங்களில் உரிந்து, முனையில் வெள்ளை இரும்பு தெரிகிறது. உள்ளே பேரலைப் பார்த்தால் வரிப்பள்ளமே கண்ணுக்குப் படவில்லை. தேய்ந்துபோனதோ என்று சந்தேகம்.

இன்னும் இரண்டு விஷயம். நான் இடக்கைக்காரன். என் மனைவியும் கூட வந்து சுடுவாள், அவளுக்குச் சின்னக் கை. செக்‌ஷன் 15-இல் கைத்துப்பாக்கி ஒன்றே ஒன்றுக்குத்தான் லைசென்ஸ், அதுவும் 10 வருடத்துக்கு. ஆகவே யோசித்துத்தான் கைவைக்க வேண்டியிருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சென்ச்சூரியன்:

மக்காரோவை எடுங்கள், வாத்தியார். உள்ளே பிரித்துப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். ஹேமரை, அதாவது தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியலை, அடிக்க வைக்கும் பட்டை ஸ்பிரிங் ஒன்று இருக்கிறதல்லவா, அதன் ஒரு கிளை ட்ரிகருக்கும் வேலை செய்கிறது, அடிமுனை மேகசினை, அதாவது தோட்டாப் பெட்டியை, பிடித்து வைக்கிறது. ஒரே துண்டுக்கு மூன்று வேலை. கெட்டுப்போக அதில் அதிகம் ஒன்றும் இல்லை. சேஃப்டியை, அதாவது சுடாமல் பூட்டும் நெம்புகோலை, மேலே தள்ளினால் ஹேமரும் தானே பத்திரமாக இறங்கிவிடும். புதிதாகச் சுடுகிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஜெர்மன்காரன் சூல் நகரத்தில் செய்தவை மெருகிலும் பொருத்தத்திலும் தனி ரகம்.

மெரிபேங்க் ஃபிட்டர்:

வாத்தியார் தம்பி, சென்ச்சூரியன்காரர் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனாலும் உங்களுக்கு நான் சொல்றது சி.இசட். 82-தான். ஏன்னு விவரமாச் சொல்றேன். நான் ஆலையில ஃபிட்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். இரும்பைத் தொட்டுப் பார்த்துத்தான் பேசுவேன்.

முதல்ல பேரல் சந்தேகம். அது தேயலை. 82-க்கு உள்ளே சாதாரண வரிப்பள்ளம் கிடையாது. பலகோண வடிவத்துல, மூலைகள் மழுங்கலா, மெல்ல முறுக்கிக்கொண்டு போகும். முதல் தடவை பார்க்கிறவங்க பாதிப் பேர் "இது வழவழன்னு போயிடுச்சு"ன்னு கீழே வச்சிடுறாங்க. மேகசினைக் கழற்றி, தோட்டா நிக்கிற அறை காலின்னு கண்ணாலும் சுண்டுவிரலாலும் பார்த்துட்டு, ஸ்லைடை, அதாவது மேல்பக்கம் நகர்ற இரும்பை, பின்னால பூட்டி, பின்பக்கம் ஒரு வெள்ளைக் காகிதத்தை வச்சு வெளிச்சம் அடிங்க. முனைப்பக்கம் இருந்து பார்த்தா வெளிச்சம் வட்டமா விழாது, மெதுவாத் திரும்புகிற பட்டை பட்டையா விழும். அந்தப் பட்டைகள் ஒழுங்கா, கறுப்புப் புள்ளி இல்லாம இருந்தா பேரல் நல்ல பேரல். புள்ளி புள்ளியா அரிச்சிருந்தா விட்டுடுங்க. பழைய ராணுவத் தோட்டாக்கள் சிலதுல பிரைமர் உப்பு படியும். சுட்டவன் அன்னைக்கே சுடுதண்ணியில கழுவாம விட்டிருந்தா அப்படித்தான் அரிக்கும்.

பெயின்ட் உரிஞ்சிருக்குன்னு சொன்னீங்க. 82 எல்லாத்துக்கும் அதே கதைதான். செக்கோஸ்லோவாக்கிய ராணுவம் மேலே எனாமல் மாதிரி பெயின்ட்தான் அடிச்சுக் கொடுத்தது, உறையில போட்டு எடுத்தா முனையில உரியும். உறையில கிடந்த காலம் அதிகம், சுட்ட காலம் குறைவுன்னுதான் பெரும்பாலும் அதுக்கு அர்த்தம். வயசையும் பாருங்க. கிழக்கு ஜெர்மனியில மக்காரோவ் செய்யறது 1960-களின் நடுவிலேயே நின்னுபோச்சு. 82 ராணுவத்துக்கு வந்ததே 1983-ல. அதாவது உங்க மக்காரோவுக்கு வயசு அறுபதைத் தொடும். அதனால அது கெட்டுப்போச்சுன்னு சொல்லலை, ஸ்பிரிங்குகளை நம்ப முடியாதுன்னு சொல்றேன்.

இந்த ஸ்பிரிங் சங்கதிதான் முக்கியம். ரெண்டு பிஸ்டலும் ப்ளோபேக். வெடிக்கிற நேரத்துல பின்பக்கத்தைப் பூட்டி வைக்க அதுல வேற ஏற்பாடு எதுவும் இல்லை. ஸ்லைடோட எடையும் ரீகாயில் ஸ்பிரிங்கோட விசையும்தான் தடுத்து நிறுத்துது. ஸ்பிரிங் தளர்ந்துபோனா ஸ்லைடு பின்னால போய் ஃபிரேமை, அதாவது கீழ் உடம்பை, மோதிக்கிட்டே இருக்கும். வாங்கின உடனே புது ஸ்பிரிங் போடுங்க, எதை வாங்கினாலும் சரி. துப்பாக்கி விலைக்கு முன்னால அது ஒண்ணுமில்லை.

ப்ளோபேக்கில ஒரு நல்லதும் உண்டு. பேரல் ஃபிரேமோட கெட்டியா நிக்கும், ஒவ்வொரு சுடுதலுக்கும் சாய்ஞ்சு எழும்பாது. சின்ன பிஸ்டலா இருந்தும் காகிதத்துல ஒழுங்கா விழறதுக்கு அதுதான் காரணம். கெடுதல் என்னன்னா, உதை சுரீர்னு இருக்கும். இங்கேதான் எடை பேசும். 82 காலியா சுமார் 800 கிராம், மக்காரோவ் 730. எழுபது கிராம்தானேன்னு தோணும். அம்பது தோட்டா சுட்டு முடிக்கிறப்ப மணிக்கட்டு சொல்லும்.

இப்ப இடக்கை. மக்காரோவோட சேஃப்டி இடப்பக்கம், ஸ்லைடுக்குப் பின்னால இருக்கு. வலக்கைக் கட்டைவிரலுக்குன்னு வச்சது. நீங்க அதைத் தொடணும்னா ஒவ்வொரு தடவையும் பிடியைத் தளர்த்தணும், இல்லைன்னா வலக்கையைக் கொண்டுவரணும். மேகசின் பிடியும் கைப்பிடி அடியில இருக்கு, அதுக்கும் ரெண்டு கை வேணும். 82-ல சேஃப்டியும் மேகசின் பொத்தானும் ரெண்டு பக்கமும் உண்டு. 1980-களிலேயே செக்காரங்க ஒரு ராணுவ பிஸ்டலில் இடக்கைக்காரனை நினைச்சிருக்காங்க. என் மகன் இடக்கை, அவன் 82-ஐ எடுத்த முதல் நாளே யாரும் சொல்லித்தராம எல்லாத்தையும் கட்டைவிரலாலேயே பண்ணினான்.

ஒரு எச்சரிக்கை. 82-ல சேஃப்டி போட்டா ஹேமர் இறங்காது. ஏத்தின நிலையிலேயே பூட்டும். இறக்கணும்னா தோட்டாவை எல்லாம் வெளியே எடுத்துட்டு, முனையைக் குறிப்பக்கமே வச்சு இறக்குங்க. அறையில தோட்டா இருக்கிறப்ப கட்டைவிரலால இறக்கிப் பார்க்கிற வேலையே வேண்டாம். காகிதம் சுடறவனுக்கு அதுக்கு அவசியமே வராது.

குறி விஷயத்துல ரெண்டும் ஒண்ணுதான், ரெண்டுக்கும் குறிமுள் சின்னது. முன்முள்ளுக்கும் பின்பள்ளத்துக்கும் நடுவே இருக்கிறது ஏறத்தாழ 130 மில்லிமீட்டர்தான். கணக்குப் போடுங்க: முன்முள் பள்ளத்துக்குள்ள 1 மில்லிமீட்டர் ஒதுங்கினா, 15 மீட்டர்ல தோட்டா 11 சென்டிமீட்டருக்கு மேல தள்ளி விழும். பெரிய பிஸ்டலில் மன்னிச்சுவிடுகிற பிசகை இது மன்னிக்காது. முன்முள்ளுக்கு வெள்ளை பெயின்ட் ஒரு சொட்டு வைங்க, கண்ணை அதுலயே நிறுத்துங்க, குறி மங்கலாத் தெரியட்டும்.

லெனேசியா அக்கா:

மனைவியின் கையைப் பற்றி யாரும் பேசவில்லையே! நான் பேசுகிறேன். 82-இன் மேகசினில் 12 தோட்டா இரண்டு வரிசையாக உட்காரும், அதனால் பிடி தடிமன். மக்காரோவில் 8, ஒரே வரிசை, பிடி ஒல்லி. எனக்கும் சின்னக் கை. 82-இல் ஹேமர் இறங்கிய நிலையில் ட்ரிகரை இழுக்கும்போது விரல் நுனிதான் எட்டும், குறி ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். ஹேமரை ஏற்றிவிட்டுச் சுட்டால் ட்ரிகர் பின்னால் வந்து நிற்கும், அப்போது விரல் நன்றாக எட்டுகிறது, இழுப்பும் லேசு. வாத்தியாரின் மனைவி அப்படியே சுடட்டும். வாங்குவதற்கு முன் டீலர் கடைக்கு அவரையும் கூட்டிப்போய்க் கையில் கொடுத்துப் பாருங்கள். அவர் தலையாட்டாமல் பணத்தைக் கட்டாதீர்கள்.

லைசென்ஸ் உங்கள் பெயரில் இருந்தாலும், நீங்கள் பக்கத்திலேயே நின்று மேற்பார்வை செய்தால் அவர் சுடுவதைச் சட்டம் அனுமதிக்கிறது. நீங்கள் தேநீர் குடிக்க அப்பால் போய்விட்டு அவர் தனியாகச் சுடுவது மட்டும் கூடாது.

உதை ஒத்துவரவில்லை என்றால் இன்னொரு வழி: 82-இன் சந்தை ரகமான சி.இசட். 83, 7.65 தோட்டாவில் கிடைத்தால் பாருங்கள். உடம்பு அதேதான், மேகசினில் 15 கொள்ளும், உதை மிருதுவாக இருக்கும். இடக்கை வசதியும் அப்படியே.

சென்ச்சூரியன்:

இடக்கை என்பதை நான் சரியாகக் கவனத்தில் வைக்கவில்லை. அதற்கு 82-தான் என்றால் ஒத்துக்கொள்கிறேன். தோட்டாவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 9×18-க்கும் நம் ஊரில் எங்கும் கிடைக்கும் 9 மில்லி பாராபெல்லத்துக்கும் பேரில்தான் உறவு. மக்காரோவ் குண்டின் விட்டம் 9.27 மில்லிமீட்டர், பாராபெல்லத்தினுடையது 9.02. பாராபெல்லத்தின் தோட்டாக்கூடும் நீளமானது, 19 மில்லிமீட்டர். ஒன்றை மற்றதில் போடும் எண்ணமே கூடாது. குட்டை 9, அதாவது 9×17, அறைக்குள் போய்த்தொலையும், ஆனால் தளர்வாக நிற்கும், அதுவும் வேண்டாம். செல்லியர் அண்ட் பெல்லோவும் செர்பியாவின் பி.பி.யு.வும் புதிதாக 9×18 செய்கிறார்கள். உங்கள் டீலர் அதைத் தொடர்ந்து வரவழைக்கிறாரா, எப்போதோ ஒரு பெட்டி மட்டும் வந்துபோகிறதா என்று அலமாரியைப் பார்த்துக் கேளுங்கள். வீட்டில் ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாவுக்கு மேல் வைக்க முடியாது என்பதால், வந்தபோது மொத்தமாக வாங்கிக் குவிப்பதும் நடக்காது.

டோங்காட் வாத்தியார்:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று மனைவியோடு போய்வந்தேன். ஃபிட்டர் அண்ணன் சொன்னபடி வெள்ளைக் காகிதம் வைத்துப் பார்த்தேன். பட்டைகள் சுத்தமாகத் திரும்பின, ஒரு புள்ளி இல்லை. அவளுக்கு ஹேமர் ஏற்றிய நிலையில் விரல் எட்டுகிறது. மக்காரோவின் பிடிதான் அவளுக்கு இன்னும் இதம் என்றாள், ஆனால் அந்தச் சேஃப்டியோடு நான் மல்லுக்கட்டியதைப் பார்த்து 82-க்கே ஓட்டுப் போட்டாள். டீலர் 9×18 பெட்டிகளை அலமாரியில் காட்டினார், பி.பி.யு.தான். முன்பணம் கட்டிவிட்டேன், லைசென்ஸ் வரும்வரை துப்பாக்கி அவர் கணக்கிலேயே இருக்கும்.

கடைசியாக ஒன்று. கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், உரிந்த இடம் துருப்பிடிக்காதா? நானே பெயின்ட் அடித்துவிடலாமா?

மெரிபேங்க் ஃபிட்டர்:

நல்ல முடிவு, தம்பி. நம்ம பக்கத்துக் காத்துல உப்பு உண்டு, கவனம் வேணும். ஆனா பெயின்ட் அவசரமில்லை. உரிஞ்ச இடத்துல எண்ணெய் தொட்ட துணியால ஒரு பூச்சு, ரேஞ்சுல இருந்து வந்த அன்னைக்கே. கை வேர்வைதான் கடற்காத்தைவிட மோசம். தோல் உறையில போட்டு சேஃபுக்குள்ள வைக்காதீங்க, தோல் ஈரத்தைப் பிடிச்சு வச்சு இரும்புக்கே கொடுக்கும். எண்ணெய்த் துணியில சுத்தி, பக்கத்துல சிலிக்கா ஜெல் பை ஒண்ணு போதும். சேஃப் சுவத்துலயோ தரையிலயோ போல்ட் போட்டு இறுக்கியிருக்கணும், போலீஸ் ஸ்டேஷன் துப்பாக்கி அதிகாரி வந்து அசைச்சுப் பார்ப்பார்.

பின்னால பெயின்ட் அடிக்கணும்னு ஆசையா இருந்தா பதிவு பெற்ற துப்பாக்கிக் கம்மியர்கிட்ட கொடுங்க, வீட்டுல வேண்டாம். சீரியல் நம்பர் வெட்டின பள்ளத்துல பெயின்ட் நிறைஞ்சு எழுத்து மறைஞ்சா உங்களுக்குத்தான் தொல்லை. இப்பவே டீலர் கடையில லென்ஸ் வச்சு ஃபிரேமிலயும் ஸ்லைடிலயும் உள்ள எண்ணைப் படிச்சு, போலீஸோட லைசென்ஸ் விண்ணப்பமான எஸ்.ஏ.பி.எஸ். 271 படிவத்துல எழுதினதோட எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்க. ஒரு எழுத்து மாறினாலும் விண்ணப்பம் திரும்பி வரும், மறுபடி முதல்ல இருந்து வரிசையில நிக்கணும்.