அப்பாவின் புறங்கால் புண்ணும் தொடைத் தோலும்

வெள்ளவத்தை மகள்:

போன வருட ஆடிவேல் அன்று அப்பா செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி வரை தேருக்குப் பின்னால் வெறுங்காலோடு நடந்தார். இருபது வருடச் சீனி வருத்தக்காரர். பாதத்தில் உணர்ச்சி குறைந்து போயிருந்தது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தார் ரோட்டின் சூட்டில் பெருவிரலடியில் எழும்பிய கொப்புளத்தை இரவு அம்மாதான் கண்டார். பத்து நாளில் சீழ் புறங்காலுக்கு ஏறிவிட்டது. வெட்டித் துப்புரவாக்கி முடிந்தபோது என் உள்ளங்கை அளவு இடத்தில் தோலே இல்லை.

வீட்டுக்கு வந்து வாரக்கணக்கில் மருந்து கட்டினோம், புண் அசையவில்லை. அப்போதுதான் லண்டனிலிருந்து சித்தி வாட்ஸ்அப்பில் ஸ்டெம் செல் ஊசி பற்றி அனுப்பினார். ஸ்டெம் செல் என்றால், தானும் பெருகி, வேறு கலங்களையும் உண்டாக்கக்கூடிய மூலக் கலம். கொழும்பிலேயே செய்து தருவதாகச் சொன்ன ஒரு இடத்துக்கு எடுத்துக் கதைத்தேன். தொப்புள்கொடியிலிருந்து எடுத்த கலங்களாம், மூன்று ஊசியாம், விரல் கழற்றத் தேவையே வராதாம். அம்மா தாலிக்கொடியை அடகு வைக்கத் தயாராகிவிட்டார். “யாருடைய தொப்புள்கொடி? எந்த ஆய்வுக் குழுவின் அனுமதியோடு போடுகிறீர்கள்?” என்று கேட்டேன். “முதலில் முற்பணத்தைக் கட்டுங்கோ, டொக்டர் விளங்கப்படுத்துவார்” என்றார்கள். போனை வைத்துவிட்டேன். அன்று இரவு முழுக்க, அப்பாவின் காலை நானே கெடுத்துவிட்டேனோ என்று நித்திரை வரவில்லை.

அடுத்த கிளினிக்கில் சத்திரசிகிச்சை டொக்டரிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. கணுக்காலில் நாடி பார்த்தார், கையிலும் காலிலும் இரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிட்டார். இரத்தம் நன்றாகத்தான் போகிறது என்றார். செத்த சதையைச் சுரண்டி, காலை ஊன்றவே கூடாது என்று கட்டளை போட்டார். புண்ணின் அடி மாதுளம் முத்துப் போலச் சிவந்த பிறகு, தொடையிலிருந்து தோல் சீவி எடுத்து ஒட்டினார்.

நான் எழுத வந்தது அந்தத் தொடையைப் பற்றித்தான். தோல் எடுத்த இடம் பச்சைப் புண். ஈரமாக, குண்டூசி குத்தியது போலச் சிவப்புப் புள்ளி புள்ளியாக. புறங்காலை விட அதுதான் அப்பாவுக்கு வலித்தது. கட்டைப் பிரிக்காமல் விட்டார்கள். இரண்டு கிழமை கழித்துத் தாதி உப்புத் தண்ணீரால் நனைத்து நனைத்துக் கோஸை உரித்தால், அடியில் ரோஜா நிறத்தில் புதுத் தோல்! ஒரு மருந்தும் போடாமல்.

“மேலே மெல்லிசாத்தான் சீவினோம். மயிர் வேர்கள் உள்ளே இருக்குது. அந்த வேரோட இருக்கிற ஸ்டெம் செல்தான் மேலே வந்து பரவி மூடியிருக்குது. நீங்க காசு குடுத்து வாங்கப் போனது உங்கட அப்பாட்டயே இருக்குது” என்றார் டொக்டர்.

கொட்டாஞ்சேனை அண்ணா:

தங்கச்சி, இதை வாசித்ததும் எனக்கு 2009 ஞாபகம் வந்தது. மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு சரிந்து என் தம்பியின் நெஞ்சும் இரண்டு கையும் எரிந்தன. எடுக்கத் தோல் போதவில்லை. எடுத்த தோலை வலை போல விரித்து ஒட்டினார்கள். பிறகு அதே தொடை ஆறும் மட்டும் காத்திருந்து, அதே இடத்தில் திரும்பவும் எடுத்தார்கள். மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் அது முளைத்துக் கொடுத்தது.

ஆய்வுகூடத்தில் தோல் வளர்ப்பதைப் பற்றி அந்த நாட்களில் வெறி பிடித்தது போல வாசித்தேன். அது கட்டுக்கதையில்லை. அமெரிக்காவில் ஹோவார்ட் கிரீனும் ரைன்வால்டும் மனிதத் தோல் கலங்களைத் தட்டில் பெருக்கிக் காட்டியது 1975இல். 1983இல் உடம்பு முழுக்க எரிந்த இரண்டு சிறுவர்களை அப்படி வளர்த்த தோலால் காப்பாற்றினார்கள். பிற்காலத்தில், 2015இல், ஜெர்மனியின் போஹும் நகரில் சிரியாவைச் சேர்ந்த ஏழு வயதுப் பையனுக்கு நடந்தது இன்னும் பெரிது. தொட்டாலே தோல் கழன்று வரும் பரம்பரை நோய். அவனுடைய கலங்களுக்குள்ளேயே பிழையான மரபணுவின் சரியான பிரதியைச் சேர்த்து, இத்தாலியில் வளர்த்து, உடம்பின் எண்பது வீதத் தோலை மாற்றினார்கள். அந்தத் தோல் நிலைத்ததற்குக் காரணம் அதற்குள் இருந்த ஒரு சிறு தொகை ஸ்டெம் செல்கள்தான் என்று பிறகு கண்டார்கள்.

ஆனால் வளர்க்க இரண்டு மூன்று கிழமை வேண்டும். வருவது கடதாசி போன்ற மேல் தோல் மட்டும், வியர்க்காது. தொடையிலிருந்து சீவி ஒட்டிய தோலும் அப்படித்தான், தம்பியின் நெஞ்சு இன்றும் வியர்க்காது. மத்தியானத்தில் ஈரத் துவாயைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

தெஹிவளை:

நாங்கள் ஊசி போட்டோம். அம்மாவுக்கு, இந்தியாவில். அதை ஏமாற்று என்று ஒரேயடியாகச் சொல்ல எனக்கு மனமில்லை. கொழுப்பிலிருந்தும் தொப்புள்கொடியிலிருந்தும் எடுக்கும் அந்தக் கலங்கள் தாங்களே தோலாக மாறுவதில்லையாம், வளர்ச்சிப் பொருட்களைச் சுரந்து பக்கத்துக் கலங்களையும் இரத்தக் குழாய்களையும் தூண்டுமாம். ஆய்வுகள் நடக்கின்றன. எங்களுக்கு ஒருவரும் சொல்லாதது, அங்கேயே மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 வழிகாட்டியின்படி, இரத்த நோய்களுக்கான என்பு மச்சை மாற்றம் போன்றவை தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சையெல்லாம் அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டும்தான் நடக்க வேண்டும் என்பது. எங்களுக்குக் கிடைத்தது ஒரு பற்றுச்சீட்டு.

அம்மாவின் புண் ஓரமாகக் கொஞ்சம் சுருங்கி, திரும்பவும் விரிந்தது. முழங்காலுக்குக் கீழே இரத்தக் குழாய் அடைத்திருந்ததை இங்கே வந்த பிறகுதான் பார்த்தார்கள். பலூன் வைத்து அடைப்பை எடுத்த பிறகு நான்கு மாதத்தில் மூடியது. அக்கா, உங்கள் டொக்டர் முதலில் கணுக்காலில் கை வைத்தாரே, அதை எங்களுக்கும் யாராவது செய்திருக்கலாம்.

வெள்ளவத்தை மகள்:

தெஹிவளைத் தம்பி, அம்மாவைக் கவனமாகப் பாருங்கோ. அப்பாவின் புறங்கால் மூடி ஐந்து மாதமாகிறது. ஒட்டிய தோல் கொஞ்சம் கறுப்பு, தேங்காய் எண்ணெய் பூசுகிறோம், விரல் இடுக்கில் மட்டும் படவிடுவதில்லை. இரவு சாப்பாடு முடிந்ததும் அம்மா முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைப்பார். அப்பா அதற்கு மேலே ஒவ்வொரு காலாகப் பிடிப்பார். இந்த ஆடிக்குத் தேர் காலி வீதிக்கு வரும்போது, சப்பாத்தோடு கேற்றடியில் நின்று கும்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.