சங்கச் சுவரில் தொங்கும் அனர்த்த வரைபடத்தை யாராவது திருத்தியிருக்கிறீர்களா?

படுவான்கரையான்:
நான் மட்டக்களப்பில் வெல்லாவெளிப் பக்கம். எங்கள் ஊர்ச் சங்கத்தில் ஒரு அனர்த்த வரைபடம் தொங்குகிறது, வெள்ளம் வந்தால் எங்கே போவது, யாரைக் கூப்பிடுவது என்று காட்டுகிற படம், முன்னொரு திட்டம் வந்தபோது கீறியது. அதிலுள்ள தலைவர் வெளிநாடு போய்விட்டார், நம்பர்கள் வேலை செய்யாது, இடைத்தங்கல் முகாமுக்கு என்று காட்டிய பள்ளிக்கூடத்துக்குப் போகிற மதகுக்கு மேலால்தான் 2024 நவம்பரில் இடுப்பளவு தண்ணீர் ஓடியது. மாரிக்கு முன் எங்கிருந்து தொடங்குவது?

காரைதீவுத் தம்பி:
படத்தை விடுங்கள் அண்ணன். கரன்ட் போஸ்டில் தண்ணீர் நின்ற மட்டத்துக்குப் பெயின்ட் அடியுங்கள். எங்கள் ஒழுங்கையில் 2011 கோடு கணுக்காலுக்கு, 2024 கோடு நெஞ்சுக்கு, ஏனென்றால் இடையில் வடிகிற வயலை நிரப்பி மதில் கட்டிவிட்டார்கள். அதே 2024 வெள்ளத்தில் மாவடிப்பள்ளியில் மத்ரஸாப் பிள்ளைகளோடு டிராக்டர் அள்ளுண்டு போன பிறகு இன்னொன்றும் எழுதினோம்: இந்தக் கோட்டைத் தொட்டால் வாகனம் விடுவதில்லை, மறிக்க வேண்டியவர் இன்னார். பெயர் போடாவிட்டால் ஒருவரும் மறிக்க மாட்டார்கள்.

வாவிக்கரை:
ஊருக்குள் மட்டும் பார்த்தால் சரிவராது. மேலேயிருக்கிற நவகிரிக் குளத்தில் கதவு திறந்து எத்தனை மணித்தியாலத்தில் உங்கள் வயலுக்குத் தண்ணீர் வந்தது என்று யாராவது குறித்தீர்களா? வாவித் தண்ணீர் கடலுக்கு ஓட முகத்துவாரத்து மணலை வெட்டுவதும் அப்படித்தான். வயல்காரர் உடனே வெட்டச் சொல்வார்கள், நாங்கள் மீன் போய்விடும் பொறுங்கள் என்போம், வருசா வருசம் இதே சண்டை. எந்தத் தேதியில் வெட்டினார்கள், எத்தனை நாளில் வாவி இறங்கியது என்று ஒரு கொப்பியில் எழுதி வந்திருந்தால் பாதிச் சண்டை குறைந்திருக்கும். (நானும் எழுதவில்லை, அது வேறு கதை.)

செங்கலடி அக்கா:
அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுப்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் யார் வீட்டில் இன்சுலின் போடுகிறவர், யாருக்குப் பிள்ளை பிறக்க மாதம் நெருங்குகிறது என்பது மாதர் சங்கத்துக்குத்தான் தெரியும். அவர்களையும் கூப்பிடுங்கள் தம்பி. எங்கள் முகாமுக்கு முதல் வருசம் அரிசி வந்தது, விறகெல்லாம் நனைந்து கிடந்தது. பெட்டி உடைத்து எரித்துத்தான் கஞ்சி வைத்தோம். அடுத்த ஐப்பசியிலேயே விறகைக் கட்டிக் கூரைக்குக் கீழே ஏற்றிவிட்டோம்.

படுவான்கரையான்:
விறகு யோசிக்கவே இல்லை அக்கா. ஞாயிற்றுக்கிழமை மாதர் சங்கத்தையும் கூப்பிட்டுத்தான் கூட்டம். நவகிரி விசயம், குளத்தில் வேலை செய்கிற ஒருவரிடம் கேட்கிறேன். பெயின்ட் சிவப்பா எடுக்க?

காரைதீவுத் தம்பி:
எங்கள் சிவப்பு வெயிலுக்கு மங்கிப்போச்சு அண்ணன். மஞ்சள் எடுங்கள்.